தெருவே பாடநூல்: அக்கம்பக்கத்தாரிடம் கற்க ஒரு தேடல் விளையாட்டு

பெங்களூரு நகருக்கு வரும் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு பயணம் செய்கிறது. வழியில் சுமார் அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றப்படுகிறது. அந்நகரில் பயிலும் ஆறாம் வகுப்பு மாணவனுக்கு நைல் நதியின் நீளம் தெரிந்திருக்கலாம். தன் வீட்டுக் குழாயில் கொட்டும் நீரின் பயணம் தெரிந்திருப்பது அரிது. அவன் வசிக்கும் அடுக்ககத்திலேயே குடிநீர் வாரியத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் குடியிருக்கக்கூடும். அன்றாடம் அதிகாலையில் மோட்டாரை இயக்கி மேல்நிலைத் தொட்டியை நிரப்புபவர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். கற்க வேண்டியவனும் கற்பிக்கத் தெரிந்தவர்களும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்கிடையே பேச்சு நிகழ ஒரு காரணம்தான் இல்லை.

அந்தக் காரணத்தை உருவாக்குவதே தேடல் விளையாட்டின் வேலை. ஒரு கதை, அதற்குள் சில புதிர்கள், புதிர்களை அவிழ்க்க நேரில் சென்று பார்த்துக் கேட்டுச் செய்ய வேண்டிய பணிகள், இறுதியில் அனைவரும் கூடிக் காணும் ஒரு விளைவு. இவ்வளவே அதன் உறுப்புகள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனால், அதை வடிவமைப்பதில் சில நுணுக்கங்கள் உள்ளன. அவற்றை அறிந்துகொண்டால் எந்தக் குடியிருப்பும், எந்தத் தெருவும், எந்தப் பள்ளியும் தனக்கென ஒரு விளையாட்டை அமைத்துக்கொள்ளலாம்.

முன்னோடிகள் சொல்லும் பாடம்

விளையாட்டின் வழியே கற்பிப்பது நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்பட்ட பரமபத சோபானமும், வட இந்தியாவில் வழங்கிய ஞான சௌபரும் அறநெறிகளைக் கட்டங்களில் எழுதி வைத்த விளையாட்டுகள். நற்பண்பு ஏணியாக உயர்த்தும். தீய குணம் பாம்பாக விழுங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விளையாட்டு இங்கிலாந்து சென்றது. நாளடைவில் கட்டங்களில் இருந்த அறச்சொற்கள் மறைந்தன. பாம்பும் ஏணியும் தாயக்கட்டையும் மட்டும் எஞ்சின. பொருள் நீங்கினால் விளையாட்டு வெறும் அதிர்ஷ்டமாகச் சுருங்கிவிடும் என்பது வடிவமைப்பாளர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டிய பாடம்.

இரண்டாவது பாடம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், செயற்கைக்கோள் வழியாக இடமறியும் வசதியின் துல்லியத்தைப் பொதுமக்களுக்குக் குறைத்து வழங்கும் முறையை அமெரிக்க அரசு கைவிட்டது. அடுத்த ஓரிரு நாட்களிலேயே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டோரத்தில் ஒரு வாளியைப் புதைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் குறிப்பேட்டில் பெயரெழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் வேறொன்றை வைத்துவிட்டு வர வேண்டும். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஜியோகேச்சிங் இப்படித்தான் பிறந்தது. 'எடுத்தால் ஒன்றை வைத்துவிட்டு வா' என்ற அந்த எளிய விதி கற்றலுக்கும் பொருந்தும். ஒருவரிடம் அறிவைப் பெற்றுக்கொள்ளும் சிறுவன், அவருக்கு ஏதேனும் திருப்பித் தரவும் வேண்டும்.

மூன்றாவது முன்னோடியை நடத்தியது உலக வங்கி நிறுவனம். 2010-ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை பத்து வாரங்கள் நடந்த 'இவோக்' என்னும் இணைய விளையாட்டை ஜேன் மெக்கானிகல் வடிவமைத்தார். கதை 2020-ஆம் ஆண்டில் நிகழ்வதாகச் சித்திரக்கதை வடிவில் சொல்லப்பட்டது. முதல் அத்தியாயமே டோக்கியோவில் உணவுப் பஞ்சம் என்று தொடங்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு பணி. அதைத் திரையில் முடிக்க இயலாது; ஆட்டக்காரர் தம் ஊரில் எதையேனும் செய்துவிட்டு, படமாகவோ எழுத்தாகவோ சான்று தர வேண்டும். அச்சான்றுகளை மதிப்பிட்டுப் புள்ளி வழங்கியவர்களும் சக ஆட்டக்காரர்களே. 150 நாடுகளைச் சேர்ந்த 19,000-க்கும் மேற்பட்டோர் அதில் பதிவு செய்துகொண்டனர்.

கூட்டாக ஆடுவதன் வலிமைக்கு மற்றுமொரு சான்று 'ஃபோல்டிட்'. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட இப்புதிர் விளையாட்டில் புரத மூலக்கூறுகளை மடிப்பதே பணி. குரங்குகளில் எய்ட்ஸ் போன்ற நோயை உண்டாக்கும் ஒரு வைரஸின் நொதியமைப்பு, பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. ஆட்டக்காரர்களின் குழுக்கள் மூன்றே வாரங்களில் அதற்கு வழிகாட்டின. அம்முடிவு 2011-இல் அறிவியல் இதழில் வெளியாயிற்று. பங்கேற்றோரில் பலர் அத்துறையில் பயிற்சி பெறாத சாதாரண மக்கள்.

ஐந்து வடிவமைப்பு நெறிகள்

இம்முன்னோடிகளிலிருந்து ஐந்து நெறிகளைத் திரட்டலாம்.

முதலாவது, விடை ஒரு மனிதரிடம் இருக்க வேண்டும். கைப்பேசியில் தேடினால் கிடைத்துவிடும் வினா, தேடல் விளையாட்டுக்கு உதவாது. 'தமிழ்நாட்டின் மாநில மரம் எது?' என்பது வினாடிவினாவுக்குரியது. 'நம் தெருமுனை வேப்பமரத்தை நட்டவர் யார், அப்போது தெரு எப்படி இருந்தது?' என்பதே தேடலுக்குரியது.

இரண்டாவது, குழு கலவையாக இருக்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து பேர். ஆறாம் வகுப்பு மாணவியும் ஒன்பதாம் வகுப்பு மாணவனும் ஒரே குழுவில். கேட்பவர், குறிப்பெடுப்பவர், வரைபவர், நேரம் பார்ப்பவர் என்னும் பொறுப்புகள் வாரந்தோறும் மாற வேண்டும். இல்லையேல் பேச்சுவன்மை உள்ளவரே எப்போதும் பேசிக்கொண்டிருப்பார். கூச்சமுள்ள குழந்தை எழுதிக்கொண்டே இருந்துவிடும்.

மூன்றாவது, சான்று கையால் செய்ததாக இருக்க வேண்டும். வரைபடம், குறிப்பேட்டுப் பக்கம், செய்து பார்த்த பொருள், சொல்லித்தந்தவரின் கையொப்பம் ஆகியவையே சான்றுகள். அக்கையொப்பமே அடுத்த பணியின் உறையைத் திறக்கும் சாவி.

நான்காவது, ஒரு கதை வேண்டும். எடுத்துக்காட்டாக: 'ஆண்டு 2050. நம் குடியிருப்பைப் பற்றிய எல்லாப் பதிவுகளும் அழிந்துவிட்டன. நீங்கள் பதிவு மீட்பர்கள். எட்டு வாரங்களுக்குள் நினைவுகளைத் திரட்டி, ஊரின் வரைபடத்தை மீட்டெடுக்க வேண்டும்.' இவ்வளவு போதும். இக்கதையில் மிகை அதிகமில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு முதியவர் மறையும்போதும் எழுதப்படாத ஒரு பதிவேடு உண்மையிலேயே அழிகிறது.

ஐந்தாவது, தொடங்குமுன் ஒத்திகை பார்க்க வேண்டும். ஒரே ஒரு பணியைக் காகிதத்தில் எழுதி, ஒரு குழுவிடம் கொடுத்து, விலகி நின்று கவனியுங்கள். எங்கே குழம்புகிறார்கள், எங்கே சலிப்படைகிறார்கள், யாரிடம் கேட்கத் தயங்குகிறார்கள் என்பது ஒரே மாலையில் விளங்கிவிடும்.

எட்டு வாரங்கள், எட்டுப் பணிகள்

ஒரு மாதிரித் திட்டத்தைக் காண்போம். இதைத் தத்தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வாரம், நீர். குழாயிலிருந்து புறப்பட்டு எவ்வளவு தொலைவு பின்னோக்கிச் செல்ல முடிகிறதோ, அவ்வளவு தொலைவு நீரின் வழியை வரைய வேண்டும். மோட்டார் இயக்குபவர், குழாய் பழுதுபார்ப்பவர், பழைய கிணற்றை அறிந்தவர் ஆகிய மூவரிடமேனும் பேசியிருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம், மரம். ஒவ்வொரு குழுவும் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரந்தோறும் அதன் தளிர், மொட்டு, பூ, காய் நிலைகளைக் குறித்துவர வேண்டும். நாடெங்கும் மாணவர்களும் ஆர்வலர்களும் இவ்வகைக் குறிப்புகளைத் தரும் 'சீசன்வாட்ச்' திட்டத்தில் இதைப் பதிவிடலாம். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேட்டைப் பேண வேண்டும். உங்கள் ஊரில் அப்பதிவேடு யாரிடம் உள்ளது என்று கண்டறிவதே ஒரு நல்ல துணைப்பணி.

மூன்றாம் வாரம், கைத்தொழில். தையற்காரர், செருப்பு தைப்பவர், மிதிவண்டி பழுதுபார்ப்பவர், குயவர் என எவரிடமேனும் சென்று, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களை அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிவர வேண்டும். வேலையின் ஒரு படியையேனும் தம் கையால் செய்து பார்க்கவும் வேண்டும்.

நான்காம் வாரம், மொழி. பெருநகரக் குடியிருப்பில் நான்கைந்து மொழிகள் வழங்குவது இயல்பு. ஒரு பொருளை எடுத்து அதன் பெயர்களைத் திரட்டலாம். தமிழிலும் மலையாளத்திலும் புளி, கன்னடத்தில் ஹுணசே, தெலுங்கில் சிந்தபண்டு, மராத்தியில் சிஞ்ச, இந்தியில் இம்லி, வங்காளத்தில் தேந்துல். ஆங்கிலத்தின் 'டாமரிண்ட்' என்ற சொல்லோ, 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து வந்தது. ஒரு புளியங்கொட்டை பண்டைய கடல் வணிகம் வரை கொண்டு சென்றுவிடும்.

ஐந்தாம் வாரம், விலை. எழுபது வயது கடந்த ஒருவரிடம் அவருடைய முதற்சம்பளம், அப்போதைய அரிசி விலை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுவது. பின்னர் ஓர் எளிய கணக்கு. 72-ஐ ஆண்டுப் பணவீக்க விகிதத்தால் வகுத்தால், விலை இருமடங்காக ஏறக்குறைய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது கிடைக்கும். பணவீக்கம் 6 விழுக்காடு எனில் 12 ஆண்டுகள். அதே கணக்கு கூட்டுவட்டிக்கும் பொருந்தும். பெட்டியில் பூட்டிய பணம் ஏன் தேய்கிறது, முறையாக முதலீடு செய்த பணம் ஏன் வளர்கிறது என்பதை வேறெப்படியும் இவ்வளவு விரைவாக விளக்க இயலாது.

ஆறாம் வாரம், சேமிப்பு. இதில் பிள்ளைகள் தம் வீட்டாரிடமே கேட்கிறார்கள். கணக்குகளுக்கு வாரிசு நியமனம் செய்யப்பட்டுள்ளதா? 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு 4 பேர் வரை நியமிக்கலாம் என்பது வீட்டில் தெரியுமா? தாத்தா வேறு ஊரில் பணியாற்றியபோது தொடங்கி மறந்துபோன கணக்கு ஏதேனும் உண்டா? பத்து ஆண்டுகள் இயக்கமின்றிக் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்கு மாற்றப்படுகிறது. எனினும் உரியவர் தம் வங்கியை அணுகித் திரும்பப் பெறலாம். அத்தகைய தொகைகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் 'உத்கம்' இணையதளத்தைத் தொடங்கியது. இந்தத் தேடலை எந்தக் குடும்பமும் வீண் என்று சொல்லாது. 10 வயது நிரம்பிய சிறார், வங்கியின் வரம்புகளுக்கு உட்பட்டுத் தம் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம் என்பதையும் இப்பணியில் சேர்க்கலாம்.

ஏழாம் வாரம், திருப்பித் தருதல். இதுவரை கற்ற பிள்ளைகள் இப்போது கற்பிக்கிறார்கள். தமக்கு உதவியவர்களில் ஒருவருக்கு ஒரு திறனைச் சொல்லித்தர வேண்டும்: கையொப்பமிடுதல், பேருந்துப் பெயர்ப்பலகையைப் படித்தல், கணக்குப் புத்தகத்தில் வரவு எது, பற்று எது என்று காணுதல், இணைய மோசடி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்தல். மோசடிக்கு ஆளாகும் முதியவருக்கு இந்த எண் நினைவிலிருப்பதன் பயனைச் சொல்லத் தேவையில்லை.

எட்டாம் வாரம், வரைபடம். எல்லாக் குழுக்களின் சான்றுகளும் ஒரு பெரிய துணியிலோ அட்டையிலோ ஒன்றுசேர்கின்றன. குடியிருப்பின் பொதுக்கூடத்தில் அது மூன்று நாட்கள் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவையும் வையுங்கள். 'இங்கே ஏரி இருந்தது', 'இந்தக் கோயில் அதற்கும் முந்தையது' என்று பெரியவர்கள் வந்து திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களே விளையாட்டின் ஆகச்சிறந்த பகுதி.

யார் ஆசிரியர்?

வேலிக்குள் அமைந்த இன்றைய குடியிருப்புகளில் ஒரு மெய்ம்மை புலப்படும். நீர், மரம், மண், கருவி ஆகியவற்றைப் பற்றி நேரடியாக அறிந்தவர்களில் பலர் பின்வாயில் வழியே வந்து செல்பவர்கள்: காவலர், தோட்டக்காரர், வீட்டுவேலை செய்பவர், கட்டுமானத் தொழிலாளர். பிள்ளைகள் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகியிருக்கலாம். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுக் காத்திருக்கப் பழகியிருக்க மாட்டார்கள். தேடல் விளையாட்டு அவர்களை ஆசிரியர் இருக்கையில் அமர்த்துகிறது. அவர்களுடைய நேரம் கூலிக்குரியது என்பதை மறவாமல், ஓய்வு வேளையில் ஒப்புதல் பெற்றே அணுக வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளும் குழுக்களில் இடம்பெற வேண்டும். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் விளையாட்டைச் சமூகக் கற்றல் என்று அழைக்கும் தகுதி நமக்கு இராது.

பரிசு என்னும் பொறி

பெரும்பாலான அமைப்பாளர்கள் முதலில் பேசுவது பரிசைப் பற்றி. இங்கே எச்சரிக்கை தேவை. 1973-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் ஓவியம் வரைவதில் இயல்பான ஆர்வமுள்ள மழலையரை மூன்று பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. மற்றொரு பிரிவுக்கு எதிர்பாராத பரிசு தரப்பட்டது. மூன்றாம் பிரிவுக்குப் பரிசில்லை. பின்னர், பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் ஏனையோரைவிடக் குறைந்துபோயிற்று.

எனவே ரொக்கப் பரிசும் முதலிடப் பட்டியலும் வேண்டாம். பெரிய பரிசு இருந்தால் பெற்றோரே வரைபடம் வரைந்து தரும் விந்தையும் நிகழும். மாற்றாக, ஒவ்வொரு குழுவின் பெயரும் உதவிய ஒவ்வொருவரின் பெயரும் இறுதி வரைபடத்தில் இடம்பெறட்டும். எல்லாக் குழுக்களும் முடித்தால்தான் வரைபடம் முழுமை பெறும் என்று விதியை அமைத்தால், முன்னே சென்ற குழு பின்தங்கிய குழுவுக்குத் தானே உதவத் தொடங்கும்.

பாதுகாப்புக் கோடுகள்

சில விதிகளை எக்காரணம் கொண்டும் தளர்த்தலாகாது. பிள்ளைகள் தனியே எவர் வீட்டுக்கும் செல்லக்கூடாது. குழுவாகவும், பொறுப்பாளர் ஒருவர் அறியவும் மட்டுமே செல்ல வேண்டும். சேமிப்புப் பணியில் கணக்கு எண், அட்டை எண், கடவுச்சொல், ஒருமுறைக் கடவுச்சொல் எதையும் கேட்கவோ எழுதவோ கூடாது. 'உண்டு', 'இல்லை' என்ற குறி மட்டும் போதும். இந்த விதியை ஏன் வைத்தோம் என்று விளக்குவதே ஒரு பாடமாகும். பிள்ளைகளின் படங்களை இணையத்தில் பரப்ப வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. காகிதக் குறிப்பேட்டில் நடத்தினால் இச்சிக்கல்களில் பெரும்பகுதி எழுவதே இல்லை.

பள்ளிகளுக்கும் ஒரு வாய்ப்பு

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் மாணவர்கள் 10 நாட்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலியோரிடம் பயில வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இதற்கான வழிகாட்டுதல்களை என்சிஇஆர்டி 2024-இல் வெளியிட்டது. அந்நாட்களைச் சுற்றுலாவாகக் கழிக்காமல், மேற்கண்ட பணிகளில் நான்கைந்தை இணைத்துத் தேடல் விளையாட்டாக அமைத்தால், ஆசிரியரின் சுமையும் குறையும். ஊரும் பள்ளியும் நெருங்கும். உள்ளூர் வங்கிக் கிளையையும் ஒரு பணியில் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டமில்லாத வேளையை முன்னரே கேட்டறிந்து சென்றால், படிவம் நிரப்புவது முதல் வைப்புக் காப்பீட்டின் ரூ.5 லட்சம் வரம்பு வரை நேரில் கேட்டுத் தெளியலாம்.

எட்டு வாரங்களும் எல்லாருக்கும் இயலும் என்றில்லை. அப்படியானால் ஒரே பணியோடு தொடங்குங்கள். ஒரு உறை, ஒரு கேள்வி, நான்கு பிள்ளைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மூன்றாம் தளத்து முதியவர் கதவைத் திறந்து, கேள்வியைக் கேட்டு, 'உள்ளே வாருங்கள், இது சொல்லச் சற்று நேரமாகும்' என்று அழைப்பாரானால், விளையாட்டு தொடங்கிவிட்டது. இரண்டாம் உறையைப் பிள்ளைகளே கேட்பார்கள்.